வாடிப்பட்டி வரை ஒரு ரவுண்டு

ராஜபாண்டி நடைப்பயிற்சிக்குக் காரில் போவார். இதில் சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை என்பது அவருடைய கட்சி. ஆனையூர் பூங்கொன்றை நகரில், அவர் வீட்டு வாசலிலிருந்து பூங்கா சரியாக எண்ணூறு மீட்டர். அதையும் நடந்தே தீர்த்துவிட்டால் பூங்காவில் நடப்பதற்கு என்ன மிச்சம் இருக்கும் என்று கேட்பார். அவர் இப்படிக் கேட்டு முடிப்பதற்குள் மனைவி முத்துமீனா பூங்காவுக்கு நடந்து போய், நாலு சுற்றுச் சுற்றி, நடந்தே திரும்பி வந்து அடுப்பில் பால் வைத்திருப்பார்.

கூட்டுறவுத் துறையில் துணைப் பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர் ராஜபாண்டி. ஓய்வுக்குப் பிறகு மனிதருக்கு இரண்டே ஆசைகள் பாக்கி இருந்தன. ஒன்று மைக். மற்றொன்று உயரமான கார். குடியிருப்போர் நலச் சங்கம் அவரை மூன்றாவது முறையாகத் தலைவராக்கி மைக்கைக் கொடுத்துவிட்டது. காரை அவரேதான் வாங்க வேண்டியிருந்தது.

"நம்ம ரெண்டு பேருக்கு எதுக்குங்க இம்புட்டுப் பெரிய வண்டி? சின்னதா பெட்ரோல்ல ஒன்னு பாருங்களேன்" என்றுதான் முத்துமீனா சொன்னார். அதற்கு ராஜபாண்டி முக்கால் மணி நேரம் பதில் சொன்னார். டீசல் வண்டி ஒரு லிட்டருக்கு இருபது கிலோமீட்டர் ஓடும். அதிகம் ஓடினால் எரிபொருள் குறைவு. எரிபொருள் குறைந்தால் கரியமில வாயு குறைவு. கரியமில வாயு குறைந்தால் வைகையில் தண்ணீர் வரும். வைகைக்கு வருவதற்கு முன்பே முத்துமீனா தூங்கிவிட்டார். மறுநாள் வண்டி புக் ஆனது. சந்தன நிறம், டீசல், ஏறுவதற்குப் பக்கவாட்டில் படி.

ஆறு மாதம் அந்த வண்டி பூங்காவுக்குப் போவதும் வருவதுமாக இருந்தது. பூங்காவில் நடக்கும் சங்கக் கூட்டங்களிலும் அந்த இருபது கிலோமீட்டரை அவர் மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார்.

சிக்கல் சுற்றுச்சூழல் தினத்தை ஒட்டி வந்தது. ஜூன் மாதத்து முதல் ஞாயிறு சாயங்காலம் பூங்காவில் பட்டிமன்றம் வைப்பதாகச் சங்கக் கூட்டத்தில் முடிவானது. 'சுற்றுச்சூழலுக்குப் பெரிதும் கேடு விளைவிப்பது டீசல் காரா, பெட்ரோல் காரா?' என்பது தலைப்பு. 'டீசல் காரே' அணிக்குத் தலைவி பாண்டிமீனா. பசுமலைப் பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் பேராசிரியர். எதிர் வரிசையில் நாலாவது வீடு. சின்னதாக ஒரு பெட்ரோல் கார் வைத்திருப்பவர். 'பெட்ரோல் காரே' அணிக்குத் தலைவர் யார் என்று கேட்க வேண்டியதே இல்லை.

அந்தக் கூட்டத்திலேயே ராஜபாண்டி மைக்கைப் பிடித்து ஒரு காரியம் செய்தார். மைக் இருந்ததால் செய்த காரியம் என்றும் சொல்லலாம்.

"டீசல் காரேன்னு மட்டும் நடுவர் தீர்ப்புச் சொல்லிட்டாருன்னா, மறுநாளே என் வண்டிய வித்துப்புட்டு நடந்து போறேன். இதை மினிட்ஸ்ல ஏத்துங்க."

சங்கச் செயலாளர் விருமாண்டி, யார் எதைச் சொன்னாலும் கூட்டக் குறிப்பேடான மினிட்ஸில் ஏற்றுகிறவர். போன மாதக் கூட்டத்தில் ஒருவர் தும்மியதைக்கூட 'இடையில் சிறு சலசலப்பு' என்று ஏற்றியவர். இதையும் ஏற்றினார். தலைவர் கையெழுத்துப் போட்டார்.

பட்டிமன்றத்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை காலை, பூங்காவிலிருந்து திரும்பும்போது வண்டியின் முகப்பில் மஞ்சளாக ஒரு விளக்கு எரிந்தது. அழுத்தி மிதித்தும் வண்டி வேகம் எடுக்கவில்லை. எருமை குளத்தில் இறங்குகிற வேகத்தில் தெருவுக்குள் வந்து சேர்ந்தது. பின்னால் வந்த ஷேர் ஆட்டோக்காரர் ஹாரன்கூட அடிக்கவில்லை. இறுதி ஊர்வலத்துக்குக் கொடுக்கிற மரியாதையோடு ஒதுங்கிப் போனார்.

குலமங்கலம் ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் சேக் மைதீன் ஒரு கம்ப்யூட்டர் பெட்டியை வண்டிக்குள் செருகிப் பார்த்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"வண்டி எங்கெங்க ஓடுது சார்?"

"எல்லா எடத்துக்கும்தான்."

"எல்லா எடம்னா?"

"பார்க்குக்கு. அப்புறம் கல்யாண மண்டபத்துக்கு."

"எந்த மண்டபம்?"

"பார்க்குக்கு எதிர்த்தாப்புல இருக்குல்ல, அதுதான்."

சேக் மைதீன் சிரிக்கவில்லை. தொழில் தெரிந்தவர். "வண்டி மேல தப்பு இல்ல சார். டீசல் எரிஞ்சாக் கரி வரும். அந்தக் கரி சனங்க மூக்குல ஏறக் கூடாதுன்னு புது வண்டியில எல்லாம் உள்ள ஒரு சல்லடை வச்சிருக்கான். அது கரியப் பிடிச்சு வச்சுக்கிரும். வண்டி நல்லாச் சூடேறி ஒரே சீரா ஓடுச்சுன்னா பிடிச்சதை அதுவே எரிச்சுக்கிரும். நீங்க சூடேறுறதுக்குள்ள பார்க்குல நிறுத்திப்புடுறீங்க. அது என்ன செய்யும்? வயிறு நெறஞ்சு போச்சு."

"அதுக்கு என்ன செய்யணும்?"

"ஒன்னும் செய்ய வேணாம். நாலு வழிச் சாலையில ஏத்தி வாடிப்பட்டி வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க. அறுபதுக்குக் கொறையக் கூடாது, நடுவுல நிறுத்தக் கூடாது. லைட் தானா அணைஞ்சிரும்."

"வாடிப்பட்டியில எனக்கு என்ன சோலி?"

"ஒரு சோலியும் இல்ல சார். போறது உங்களுக்கு இல்ல. வண்டிக்கு."

ராஜபாண்டி கொஞ்சம் யோசித்தார். "ஒரு தடவை போனாப் போதும்ல?"

"பார்க்குக்கே ஓட்டிக்கிட்டு இருந்தீங்கன்னா வாரம் ஒருக்கா போக வேண்டியதுதான். வெளியூருக்கு ஓடுறவனுக்கு டீசல் சரி சார். உங்க ஓட்டத்துக்குச் சின்னப் பெட்ரோல் வண்டி போதுமே. பாண்டிமீனா மேடம் வச்சிருக்காகள்ல, அந்த மாதிரி."

ராஜபாண்டி பட்டறைக் கூரையில் ஏதோ பறவையைத் தேடுகிறவர் போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் கிளம்பும்போது முத்துமீனாவும் வந்து முன்சீட்டில் உட்கார்ந்தார்.

"எங்கங்க போறோம்?"

"வாடிப்பட்டிக்கு."

"யாரு வீட்டுக்கு?"

"யாரு வீட்டுக்கும் இல்ல. போயிட்டுத் திரும்பணும்."

முத்துமீனா ஒரு நிமிஷம் அதை யோசித்துப் பார்த்துவிட்டு சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.

பரவை தாண்டி, சமயநல்லூரில் நாலு வழிச் சாலையில் ஏறியதும் ராஜபாண்டி அறுபத்தைந்தில் வைத்துப் பிடித்துக்கொண்டார். வலது கைப்பக்கம் சிறுமலை நீலமாக வந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு. ஆறு மாதத்தில் முதல் தடவையாக வண்டிக்குக் கொஞ்சம் உயிர் வந்த மாதிரி இருந்தது. உயிர் வந்ததில் ராஜபாண்டிக்குச் சந்தோஷமில்லை. அவர் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, கொய்யாப்பழம். வாடிப்பட்டிக் கொய்யா நல்லா இருக்கும்."

"நிறுத்தக் கூடாது."

"ஒரு கிலோ வாங்கிக்கிட்டு வந்துர்றேன்."

"அறுபதுக்குக் கொறையக் கூடாதுன்னு சொல்லிருக்காரு முத்துமீனா."

கொய்யாப்பழக் கூடைகள் அறுபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் பின்னால் போயின. வாடிப்பட்டி தாண்டி, ஒரு பிரிவில் வளைத்துத் திரும்பினார்கள். திரும்பி ஆறேழு கிலோமீட்டர் வந்தபோது விளக்கு அணைந்தது.

"கரி எரிஞ்சு முடிஞ்சிருச்சு" என்றார் ராஜபாண்டி.

"அப்ப நாம இம்புட்டு நேரம் டீசலை எரிச்சது, கரிய எரிக்கவா?"

"ஆமா."

"அந்தக் கரி எப்படிங்க வந்துச்சு?"

"டீசல் எரிஞ்சு."

முத்துமீனா இதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ராஜபாண்டி முக்கால் மணி நேரம் பேசியிருப்பார். அப்படிப் பேசிப் பேசித் தானே நம்பியும் இருப்பார். கேட்காமல் விட்டதுதான் வினையானது. பரவை வருவதற்குள் ராஜபாண்டி முகப்புத் திரையில் இருந்த எண்ணைப் பார்த்தார். ஆறு மாதச் சராசரி, லிட்டருக்கு ஒன்பது புள்ளி நாலு. வாரா வாரம் வாடிப்பட்டி. வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு வாடிப்பட்டி.

இந்த வண்டி வேண்டாம் என்று அவருக்குத் தோன்றியது.

ஆனால் எப்படிக் கழற்றிவிடுவது? வாங்கி ஆறு மாதத்தில் விற்றால் முத்துமீனா ஒன்றும் சொல்ல மாட்டார். அந்த ஒன்றும் சொல்லாததை ஆயுளுக்கும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். நாலாவது வீட்டில் பாண்டிமீனா சன்னல் திரையை விலக்கிப் பார்ப்பார். விருமாண்டி மினிட்ஸில் ஏற்றுவார்.

அப்போதுதான் மினிட்ஸ் நினைவுக்கு வந்தது. ராஜபாண்டி தன்னை அறியாமல் எண்பதில் போனார்.

தோற்றால் போதும். தோற்றால் வண்டியை விற்றே ஆக வேண்டும், கையெழுத்தே இருக்கிறது. சொன்ன சொல்லுக்காகப் புது வண்டியை விற்ற மனிதர். பூங்கா வாசலில் ஒரு பிளக்ஸ் வைத்தாலும் வைப்பார்கள். அவருடைய எந்தப் படத்தைப் போடலாம் என்பது வரைக்கும் யோசித்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் எழுதி வைத்திருந்த பன்னிரண்டு பக்கப் பேச்சை அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

சாயங்காலம் ஆறு மணிக்குப் பூங்காவில் இருநூறு பிளாஸ்டிக் நாற்காலி நிறைந்துவிட்டது. நடுவர் தமிழ்மாறன் பட்டு அங்கவஸ்திரத்தில் வந்திருந்தார். மதுரைச் சுற்றுவட்டாரத்தில் எழுநூறு மேடை கண்டவர். தலைப்பு எதுவானாலும் அரை மணி நேரத்துக்கு முன்னால் சொன்னால் போதும் என்று பெயர் வாங்கியவர். இன்றைய தலைப்பை மேடைப் படியில்தான் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

அணித் தலைவர்கள் கடைசியாகப் பேசுவதுதான் வழக்கம். ராஜபாண்டி முதலில் பேசுவதாக எழுந்தார். நன்றாகப் பேசுகிற தன் அணி ஆட்கள் எதையும் காப்பாற்றுவதற்கு முன்பே போட்டு உடைத்துவிட வேண்டும் என்பது திட்டம். சங்கத் தலைவர் என்பதால் யாரும் தடுக்கவில்லை.

"நடுவர் அவர்களே. என் வண்டி லிட்டருக்கு இருபது ஓடும்னு இதே எடத்துல சொன்னேன். ஒன்பது புள்ளி நாலு ஓடுது."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"சிரிக்காதீங்க. நெசமாத்தான் சொல்றேன்."

இப்போது பாதிக் கூட்டம் சிரித்தது. நடுவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஒரு லிட்டர் டீசல் எரிஞ்சா ரெண்டே முக்கால் கிலோவுக்குக் கிட்டக் கரியமில வாயு. பெட்ரோல்ல ரெண்டேகாலுக்குக் கொஞ்சம் மேல, அம்புட்டுத்தான். அதே லிட்டர்ல டீசல் கூடுதலா ஓடுனாத்தான் நமக்கு லாபம். என் வண்டி எங்க ஓடுது? பார்க்குல போயி நிக்கிது. நிக்கிற வண்டி எப்படிங்க மைலேஜ் குடுக்கும்?"

கைதட்டல். ராஜபாண்டி கலங்கினார். போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்து இன்னும் இறங்கினார்.

"கரியப் பிடிக்கிறதுக்கு உள்ள ஒரு சல்லடை இருக்கு. அது பிடிச்ச கரிய எரிக்கணும்னா வாடிப்பட்டி போகணும். இன்னைக்குக் காலையில போனேன். அங்க எனக்கு ஒரு சோலியும் இல்ல."

"கொய்யாப்பழம் வாங்கலியா தலைவரே?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"நிறுத்தக் கூடாதுன்னுட்டாங்கய்யா."

இதைச் சொன்னபோது அவர் குரலில் இருந்த துயரம் உண்மையானது. அதுதான் கெடுத்தது. முன்வரிசையில் ஒரு அம்மா சிரித்துச் சிரித்துச் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நைட்ரஜன் ஆக்சைடு என்கிற நச்சுப் புகை டீசலில்தான் அதிகம் என்றார் ராஜபாண்டி, சிரித்தார்கள். எண்ணூறு மீட்டர் நடப்பதற்குச் சோம்பல்பட்டு ரெண்டு டன் இரும்பைக் கிளப்புகிறேன் என்றார். எழுந்து நின்று தட்டினார்கள். ஆறு மாதமாக அவர் மைக்கில் சொன்ன பொய்களையெல்லாம் தலையாட்டிக் கேட்ட அதே கூட்டம், முதல் தடவையாக உண்மை சொல்கிறபோது நடிப்பு என்று ரசித்தது. இரண்டாவது வரிசையில் முத்துமீனா மட்டும் சிரிக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்து பாண்டிமீனா எழுந்தார். வரைபடத்தோடு வந்திருந்தார். "சின்னப் பெட்ரோல் காரையும் பெரிய டீசல் காரையும் ஊருக்குள்ள ஓட்டிப் பாத்தோம்னா, மைலேஜ்..."

"அத தலைவரே சொல்லிட்டாரு மேடம்" என்றது கூட்டம்.

"டீசல் புகையில இருக்கிற நைட்ரஜன் ஆக்சைடு..."

"அதையும் சொல்லிட்டாரு."

பாண்டிமீனா வரைபடத்தைச் சுருட்டினார். படித்தவர், நேர்மையானவர். இரண்டும் சேர்ந்தால் பட்டிமன்றத்துக்கு ஆகாது. "ராஜபாண்டி சார் சொன்னது எல்லாமே சரிதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

மற்றவர்கள் பேசியதை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. நடுவர் எழுந்தார்.

"இருநூறு பேர் வயிறு வலிக்கச் சிரிக்கிறார்கள் என்றால் அது சும்மா வராது. தன் வண்டியைத் தானே கேலி செய்கிற துணிச்சல் யாருக்கு வரும்? தன் கட்சி மேல் மலை போல நம்பிக்கை இருக்கிறவனுக்குத்தான் வரும். அதோடு, எதிரணித் தலைவியே எழுந்து, ராஜபாண்டி சொன்னது எல்லாமே சரி என்று ஒப்புக்கொண்டுவிட்டார். அதற்குப் பிறகு நடுவருக்கு என்ன வேலை? சுற்றுச்சூழலுக்குப் பெரிதும் கேடு விளைவிப்பது பெட்ரோல் காரே."

ராஜபாண்டிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஜூன் மாதத்துப் புழுக்கத்தில் அதற்குள் வேர்த்துக்கொண்டு நின்றார்.

கூட்டம் கலையும்போது பாண்டிமீனா அருகில் வந்தார். "சார், நீங்க என் கட்சியத்தான பேசுனீங்க?"

"ஆமா மேடம்."

"அப்புறம் எப்படி நான் தோத்தேன்?"

"நானும் அதத்தான் யோசிக்கிறேன்."

முத்துமீனா வீட்டுக்கு நடந்தே கிளம்பினார். போகிற போக்கில் காதோரம் கேட்டார்: "ஏங்க, தோக்கத்தான பாத்தீங்க?" பதிலுக்கு நிற்கவில்லை. ராஜபாண்டி பொன்னாடையோடு வண்டியில் ஏறி எண்ணூறு மீட்டர் ஓட்டிக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை அவர் விருமாண்டியைத் தனியாகப் பிடித்தார். "ஜெயிச்சாலும் ஒரு முன்னுதாரணமா வண்டியக் குடுத்துரலாம்னு பாக்குறேன்."

"என்னண்ணே பேசுறீங்க? ஜெயிச்ச வண்டிய யாராச்சும் விப்பாங்களா? பாண்டிமீனா மேடம் மூஞ்சியில எப்படி முழிப்பீங்க? அதுவும் இல்லாம மினிட்ஸ்ல தோத்தாத்தான் விக்கணும்னு இருக்கு." விருமாண்டி ரொம்பவே வருத்தப்பட்டார். பிறகு குரலைத் தணித்துக் கேட்டார்: "அண்ணே, அந்த வாடிப்பட்டி ரவுண்டு நெசமா?"

"நெசம்."

"வாரா வாரமா?"

"வாரா வாரம்."

"எனக்கு அங்க தோப்பு ஒன்னு கெடக்குது. பஸ்ஸுல போயிட்டு வர்றதுக்குள்ள இடுப்பு போயிருது."

அப்படித்தான் ஆரம்பித்தது. அடுத்த ஞாயிறு காலை ஏழு மணிக்கு ராஜபாண்டி வண்டியைக் கிளப்ப வந்தபோது படியில் விருமாண்டி ஒரு சாக்குப் பையோடு நின்றுகொண்டிருந்தார். மூன்றாவது தெருவிலிருந்து தவசி வாத்தியார் வந்திருந்தார். அவர் மகளைக் கட்டிக் கொடுத்திருப்பது வாடிப்பட்டியில். முன்சீட்டில் முத்துமீனா ஏற்கெனவே பெல்ட் மாட்டி உட்கார்ந்திருந்தார், மடியில் கொய்யாவுக்கு ஒரு மஞ்சப்பை. எல்லாரும் ஏறிய பிறகு நாலாவது வீட்டுக் கதவு திறந்தது.

"சார், எங்க அம்மாவும் வாடிப்பட்டியிலதான் இருக்காங்க. ஞாயித்துக்கெழமை ஆனா நான் தனியா வண்டிய எடுத்துக்கிட்டுப் போவேன். நீங்க எப்படியும் போறீங்கள்ல? வாடிப்பட்டியில நிறுத்துவீங்களா?"

"அங்க நிறுத்தலாம் மேடம். நடுவுலதான் நிறுத்தக் கூடாது."

பாண்டிமீனா பின்னால் ஏறிக்கொண்டார். அவருடைய சின்னப் பெட்ரோல் கார் உறை போட்டு வாசலில் நின்றது.

சமயநல்லூர் தாண்டி வண்டி சூடேறியது. விருமாண்டி நடுவில் எங்கேயாவது டீக்கு நிறுத்த முடியுமா என்று கேட்டுப் பார்த்துவிட்டு அடங்கினார். பிறகு பின்சீட்டிலிருந்து பாண்டிமீனா, தன்பாட்டுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டே சொன்னார்:

"அஞ்சு பேரு. ஆளுக்கு இம்புட்டுன்னு வகுத்துப் பாத்தா, நான் தனியா ஓட்டுற என் வண்டியவிட இதுல புகை கம்மிதான் சார்."

ராஜபாண்டிக்கு முதுகு நிமிர்ந்தது. தொண்டையைச் செருமினார். இதைப் பற்றிச் சொல்வதற்கு அவரிடம் முக்கால் மணி நேரம் இருந்தது. வாடிப்பட்டிக்கு இன்னும் பத்து கிலோமீட்டர் இருந்தது. நிறுத்த முடியாது என்பதால் இறங்கிப் போகிறவர்களும் இல்லை.

"அதாவது..." என்று ஆரம்பித்தார்.

"ஏங்க" என்றார் முத்துமீனா, முகப்பைப் பார்த்தபடி. "அறுபதுக்குக் கொறையுது பாருங்க."